ஒரு நாவலை நேசிப்பதும் அதனோடு முரண்படுவதும்

அர்சலா கே. லெ குவின் எழுதிய 'எ விஸார்ட் ஆஃப் எர்த்சீ' 1968இல் வெளிவந்தது. பதின்பருவத்தினருக்கான மாயக்கதை என்ற வகைக்கு இன்றுள்ள தனி அலமாரியும் பெரும் சந்தையும் அன்று கிடையாது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் இயங்கிய பர்னாஸஸ் என்ற சிறிய பதிப்பகம், சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கென்று ஒரு கதை எழுதித் தரும்படி கேட்டதால் பிறந்த புத்தகம் அது. அரை நூற்றாண்டைத் தாண்டியும் அச்சில் இருக்கிறது. ஹாரி பாட்டருக்கு 29 ஆண்டுகள் முன்பே மந்திரவாதிகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டித் தந்தது. ஆனால் அதை இன்று பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்கும் எவருக்கும் ஒரு சங்கடம் உண்டு. இளையோருக்கான இலக்கியத்தில் இதைவிட ஆழமான நூல்கள் மிகக் குறைவு என்று தயங்காமல் சொல்லலாம். இதே நூல் பெண்களைக் கிட்டத்தட்ட கதைக்கு வெளியே நிறுத்திவைக்கிறது என்பதையும் அதே அளவு தயக்கமின்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டில் ஒன்றைக் கைவிட்டால்தான் ஒரு நூலைப் பற்றித் தெளிவான கருத்து இருக்க முடியும் என்று பலர் கருதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த நாவலைப் பொறுத்தவரை இரண்டு உணர்வுகளையும் குறைக்காமல் வைத்துக்கொள்வதுதான் நியாயமான தீர்ப்பு. அதை எழுதியவரே பின்னாளில் தன் புத்தகத்தை அப்படித்தான் வாசித்தார்.

கதை எளியது. கோன்ட் என்ற மலைத்தீவில் ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவனுக்கு மந்திர ஆற்றல் பிறவியிலேயே வாய்த்திருக்கிறது. ஓகியன் என்ற, அதிகம் பேசாத குரு, கெட் என்ற மெய்ப்பெயரை அவனுக்குச் சூட்டிச் சீடனாக ஏற்கிறார். அவருடைய நிதானம் பிடிபடாமல் கெட் ரோக் தீவிலுள்ள மந்திரப் பள்ளிக்குப் போகிறான். அங்கே ஜாஸ்பர் என்ற மேட்டுக்குடி மாணவனிடம் தன் திறமையைக் காட்டியே தீர வேண்டும் என்ற வீம்பில், இறந்தோர் உலகிலிருந்து ஓர் ஆவியை அழைக்கிறான். கூடவே ஒரு நிழலும் வெளியே பாய்ந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. திறந்துவிட்ட வாசலை மூடுவதற்குப் பள்ளியின் தலைமை மந்திரவாதி தன் உயிரையே கொடுக்கிறார். அதன் பிறகு கெட் தீவு தீவாக அந்த நிழலிடமிருந்து ஓடுகிறான். ஒரு கட்டத்தில் ஓகியனின் சொல்லைக் கேட்டுத் திரும்பி நின்று அதைத் துரத்தத் தொடங்குகிறான். கடைசியில் கிழக்குக் கடல்களுக்கு அப்பால் இருவரும் எதிரெதிரே வரும்போது, கெட் அதைத் தன் சொந்தப் பெயரால் அழைக்கிறான். அதே கணத்தில் நிழலும் அவனை அதே பெயரால் அழைக்கிறது.

இந்த முடிவுக்குள் இருக்கும் துணிச்சலை இன்றைய வாசகர் எளிதில் தவறவிடக்கூடும். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954, 1955 ஆண்டுகளில் வெளிவந்து, அறுபதுகளின் நடுவில் மலிவுப் பதிப்புகளாக அமெரிக்கக் கல்லூரி வளாகங்களில் பரவியிருந்த காலம். மாயக்கதை என்றால் தீமை வெளியே, தொலைவில், ஒரு கோட்டைக்குள் இருக்கும். நல்லவர்கள் படை திரட்டிப் போய் அதை அழிப்பார்கள் என்ற வாய்பாடு அந்த வெற்றிக்குப் பின் உறுதிப்பட்டது. லெ குவின் பதின்பருவத்தினரிடம் வேறொன்றைச் சொன்னார். உன்னைத் துரத்துவது உன் செருக்கிலிருந்து வந்தது, அதை வெட்டி வீழ்த்த முடியாது, ஒப்புக்கொள்ளத்தான் முடியும். பதினைந்து, பதினாறு வயதில் ஒருவர் கேட்க வேண்டிய செய்தி இதைவிட வேறென்ன? அவருடைய மந்திரமும் இதே ஒழுங்குக்குக் கட்டுப்பட்டது. ஒரு பொருளின் உண்மைப் பெயரை அறிந்தவனுக்கே அதன்மேல் அதிகாரம். எந்த மாற்றமும் வேறெங்கோ ஒரு விலையைக் கேட்கும். படகு கட்டித் தந்த நண்பனின் குழந்தை காய்ச்சலில் சாகும்போது, தன் ஆற்றலின் எல்லையை மதிக்காமல் கெட் அதன் பின்னாலேயே சாவின் எல்லை வரை ஓடுகிறான். குழந்தை பிழைக்கவில்லை. இத்தனை கற்ற பிறகும் முடியாதது ஒன்று உண்டு என்பதை இளம் வாசகருக்கு ஆறுதல் பூச்சு எதுவும் இல்லாமல் சொல்லும் அத்தியாயம் அது.

இன்னொரு துணிச்சல் கதைமாந்தரின் நிறத்தில் இருக்கிறது. கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவனுடைய உற்ற நண்பன் வெட்ச் கறுப்பன். தீவுக்கூட்டத்தின் பெரும்பாலான மக்கள் பழுப்போ கறுப்போதான்; முதல் அத்தியாயத்தில் வாளும் தீயுமாக வந்திறங்கிக் கொள்ளையடிப்பவர்கள்தான் வெள்ளைத் தோலும் மஞ்சள் முடியும் உள்ளவர்கள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஆண்டில் அமெரிக்காவில் வெளியான இளையோர் நூல் இது. இதை லெ குவின் முழங்கிச் சொல்லவில்லை. வாசகர் கெட்டோடு மனம் ஒன்றிய பிறகு, போகிற போக்கில் அவன் நிறம் தெரிய வருமாறு அமைத்தார். அட்டை வரைந்த பலருக்கு அது தெரியவே வரவில்லை. பதிப்புக்குப் பதிப்பு வெள்ளைக்காரக் கெட் ஒருவன் அட்டையில் நின்றான். 2004இல் அமெரிக்காவின் சை ஃபை தொலைக்காட்சி எடுத்த தொடரில் அவனுக்கு வெள்ளை நடிகரைப் போட்டபோது லெ குவின் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். சிவப்பழகுக் களிம்பு விளம்பரங்களைப் பார்த்து வளரும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும், நாயகன் தங்களைப் போன்ற நிறத்தவன் என்பது சின்ன விஷயம் அல்ல.

இவ்வளவு தூரம் யோசித்த நூல், பெண்களிடம் வரும்போது யோசிப்பதை நிறுத்திவிடுகிறது. எனக்கு உறுத்துவது இதுதான். கதையில் வரும் பெண்களை ஒவ்வொருவராகப் பார்ப்போம். கெட்டின் பெரியம்மா கிராமத்துச் சூனியக்காரி. அவனுக்கு முதல் மந்திரங்களைக் கற்றுத் தருபவள் அவள்தான். ஆனால் அரைகுறை அறிவும் பேராசையும் உள்ளவளாகவே அவள் காட்டப்படுகிறாள், நன்றிக்குரியவளாக ஒரு வரியிலும் வளர்வதில்லை. அடுத்து, ரெ அல்பி பிரபுவின் மகள். ஓகியனின் நூலைத் திறந்து படிக்கும்படி கெட்டைச் சீண்டிவிடுவது இவள். பல ஆண்டுகள் கழித்து ஆஸ்கில் தீவின் கோட்டையில் செரெட் என்ற பெயரோடு, அழகும் சூதும் நிறைந்தவளாக மீண்டும் வந்து அவனைப் பொறிக்குள் இழுக்கப் பார்க்கிறாள். கடைசியில் 'யாரோ' என்ற பெயருடைய வெட்சின் தங்கை. அன்பான பெண்; அடுப்படியில் நின்று அண்ணனுக்கும் விருந்தாளிக்கும் சமைத்துக்கொண்டே அறிவுள்ள கேள்விகள் கேட்கிறாள். படகு புறப்படும்போது கரையில் நின்றுவிடுகிறாள். அறியாமை, மயக்கு, அடுப்படி என்று மூன்று இடங்கள்தான் பெண்களுக்கு. ரோக் பள்ளியில் ஒரு மாணவியும் இல்லை, ஓர் ஆசிரியையும் இல்லை. பெண்களின் மந்திரம் வலுவற்றது, கெட்டது என்று பொருள்படும் இரண்டு பழமொழிகளைக் கோன்ட் மக்கள் சொல்வதாகக் கதைசொல்லியே தெரிவிக்கிறார். அந்தப் பழமொழிகளைப் பொய்யாக்கும் ஒரு நிகழ்ச்சியும் நாவலில் வருவதில்லை. பாத்திரங்களின் தப்பெண்ணம் என்று இதைத் தள்ளிவிட முடியாததற்குக் காரணம் இதுவே. மக்கள் நம்புவதைக் கதையின் அமைப்பும் ஆமோதிக்கிறது.

அறுபதுகளில் எழுதிய நூலிடம் இன்றைய அளவுகோலை நீட்டுவது முறையா என்று இதற்கு உடனே ஒரு கேள்வி வரும். பொதுவாக நியாயமான கேள்வி. லெ குவின் விஷயத்தில் மட்டும் அது நிற்காது. இந்த நாவல் வந்த மறு ஆண்டே, 1969இல், அவருடைய 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' வெளிவந்தது. நிரந்தரமான ஆண், பெண் என்ற பிரிவே இல்லாத மனிதர்கள் வாழும் ஒரு பனிக்கோளைப் படைத்து, அங்கே குடும்பமும் அரசியலும் எப்படி இருக்கும் என்று ஆராய்ந்த பெரியோர் நாவல் அது. பாலினம் பற்றிய கேள்வி அவருக்கு எட்டாத காலத்தில் இருக்கவில்லை. அவருடைய மேசையிலேயே இருந்தது. அப்படியானால் எர்த்சீயில் அது ஏன் எழவில்லை? கதை வடிவம் அதற்கு இடம் கொடுக்கவில்லை என்பதே எனக்குப் படும் விடை. வெண்தாடி வைத்த கிழ மந்திரவாதிகள் சிறுவர்களாக இருந்தபோது என்ன கற்றார்கள், எங்கே கற்றார்கள் என்ற கேள்வியிலிருந்து இந்தக் கதையை அவர் தொடங்கினார். மெர்லினும் காண்டால்ஃபும் ஆண்கள் என்பது அந்தக் கேள்விக்குள்ளேயே ஒளிந்திருந்தது. நாயகனின் நிறத்தை மாற்றும்போது அவர் மரபோடு விழிப்புடன் மல்லுக்கு நின்றார். நாயகன் ஆண் என்பதை மரபு தந்தபடியே வாங்கிக்கொண்டார். 1992இல் ஆக்ஸ்ஃபோர்டில் நிகழ்த்திய உரையில் வீரக்கதை என்பது ஆண்களின் மரபாகவே வந்தது என்பதையும், அதன் விதிகளுக்குள் நின்று தான் எழுதியதையும் அவரே விரிவாகப் பேசியிருக்கிறார். அநீதி என்று கண்ட இடத்தில் அவருடைய கற்பனை தானாக வேலை செய்தது. இயல்பு என்று எடுத்துக்கொண்ட இடத்தில் பழைய வார்ப்பே போதும் என்று இருந்துவிட்டது. நல்லெண்ணம் உள்ள எழுத்தாளருக்கும் இது நேரும் என்பதால்தான் இந்த நூலின் குறை அதன் நிறையைப் போலவே கவனிக்கத்தக்கது.

ஓர் இளைஞன் தன் நிழலைச் சந்திக்கும் கதையில் பெண்களுக்கு என்ன வேலை, எல்லாக் கதையும் எல்லோரைப் பற்றியும் இருக்க வேண்டுமா என்றும் சிலர் கேட்பார்கள். இருக்க வேண்டியதில்லைதான். ஆனால் நாவலுக்குள்ளேயே இதற்கு எதிரான சான்று ஒன்று இருக்கிறது. நிழலைத் துரத்திப் போகும் வழியில் படகு உடைந்து, கெட் ஒரு மணல்திட்டில் ஒதுங்குகிறான். அங்கே ஒரு குடிசையில் கிழவனும் கிழவியுமாக இருவர் மட்டும் வாழ்கிறார்கள். குழந்தைகளாக இருந்தபோது அங்கே கொண்டுவந்து விடப்பட்ட அண்ணன் தங்கை. அரச குலப் பகையின் பலிகள். மனித முகம் கண்டே பல காலம் ஆனவர்கள். கிழவன் அச்சத்தில் ஒடுங்கிக் கிடக்கிறான். கிழவிதான் மெல்ல மெல்ல அருகே வந்து, பாதுகாத்து வைத்திருந்த தன் சின்ன வயதுப் பட்டுச் சட்டையை எடுத்துக் காட்டுகிறாள். பிறகு உடைந்த வளையத் துண்டு ஒன்றைக் கெட்டின் கையில் வைத்து, வைத்துக்கொள் என்று சைகை செய்கிறாள். அவளுக்குப் பெயர் இல்லை. அவர்கள் குடிக்கும் உப்பு ஊற்றை நன்னீராக்கிவிட்டுக் கெட் போய்விடுகிறான். ஆனால் அந்தத் துண்டு தொலைந்த மாபெரும் வளையம் ஒன்றின் பாதி என்பதும், அதைச் சேர்த்தால்தான் தீவுகளுக்கு அமைதி என்பதும் அடுத்த நாவலில் தெரிய வருகிறது. 1971இல் வந்த 'தி டூம்ப்ஸ் ஆஃப் ஆட்டுவான்' முழுவதும் அந்தக் கிழவியின் கொடையின் மேல்தான் நிற்கிறது. முதல் நாவலில் எவரும் கேட்காமல் ஒருவர் செய்யும் ஒரே பெரிய கொடையும் அவளுடையதுதான் என்பேன். கைக்கெட்டிய தூரத்தில் இப்படி ஒருத்தி இருந்தும் நாவல் அவளை இரண்டு மூன்று பக்கங்களில் கடந்துவிடுகிறது. பெண்களுக்கு அந்த உலகில் இடம் இல்லாமல் போனதற்குக் கதையின் தேவை காரணம் அல்ல என்று காட்ட இந்தக் காட்சி ஒன்றே போதும்.

அப்படியென்றால் இந்த நூலை என்ன செய்வது? இரண்டு வழிகள் இப்போது வழக்கத்தில் இருக்கின்றன. இரண்டுமே எனக்கு ஏற்புடையவை அல்ல. பிள்ளைகளுக்கு உகந்ததல்ல என்று ஒதுக்கிவிடுவது ஒன்று. அப்படிச் செய்தால் நிழலைப் பெயர் சொல்லி அழைக்கும் அந்த முடிவையும், வெட்ச் போன்ற நண்பனையும், செம்பழுப்பு நிற நாயகனையும் சேர்த்தே இழப்போம். அவற்றுக்கு மாற்றாகப் பெண்களைச் சரியாகக் காட்டுகிற, ஆனால் வேறெதையும் புதிதாகச் சொல்லாத ஒரு நூலைக் கொடுத்து ஈடுகட்டிவிட முடியாது. உறுத்தும் வரிகளை நீக்கிப் பதிப்பிப்பது இன்னொன்று. 2023இல் ரோல்ட் டாலின் சிறுவர் நூல்களில் பஃபின் நிறுவனம் நூற்றுக்கணக்கான மாற்றங்களைச் செய்தது தெரிய வந்து, எதிர்ப்பு வலுத்த பிறகு பழைய வடிவங்களும் தொடர்ந்து கிடைக்கும் என்று அறிவிக்க வேண்டி வந்தது. எர்த்சீயில் அந்த இரண்டு பழமொழிகளை வெட்டினால் என்ன ஆகும்? ரோக் பள்ளியில் அப்போதும் மாணவிகள் இருக்கமாட்டார்கள். குறை அப்படியே இருக்கும், அதைக் கண்டுபிடிக்க உதவும் தடயம் மட்டும் போய்விடும். பிள்ளைகளை அநீதியிலிருந்து காப்பதாக நினைத்து, அநீதியை அடையாளம் காணும் பயிற்சியிலிருந்து அவர்களை விலக்கிவைக்கும் வேலை இது.

லெ குவின் தன் வழியைத் தானே காட்டினார். 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' நாவலில், பாலினமற்ற மனிதர்களையும் ஆங்கிலத்தில் ஆணைக் குறிக்கும் சுட்டுப்பெயராலேயே எழுதியிருந்தார். அதை விமர்சித்தவர்களுக்கு எதிராக 1976இல் ஒரு கட்டுரையில் வாதாடவும் செய்தார். பிறகு மனம் மாறியது. 1980களின் பிற்பகுதியில் அந்தக் கட்டுரையை மறுபடி வெளியிட்டபோது பழைய வரிகளில் ஒன்றையும் நீக்காமல், தான் எங்கெங்கே தவறினேன் என்ற குறிப்புகளைப் பக்கத்திலேயே சேர்த்து அச்சிட்டார். மனம் மாறிய வழித்தடம் வாசகருக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் கொள்கை. எர்த்சீக்கும் அதையே பெரிய அளவில் செய்தார். 1972இல் மூன்றாம் நாவலோடு முடிந்ததாக எல்லோரும் நினைத்த கதைக்கு, 18 ஆண்டுகள் கழித்து 1990இல் 'தெஹானு' என்ற நாலாம் நாவலை எழுதினார். இதில் நாயகி டெனார், நடுவயதைத் தொட்ட ஒரு பண்ணை விதவை. தீயில் தள்ளப்பட்டு, முகத்தின் ஒரு பாதி வெந்துபோன ஒரு சிறுமியை அவள் வளர்க்கிறாள். ஆற்றலையெல்லாம் இழந்து திரும்பும் கெட், மறுபடி ஆடு மேய்க்கிறான். முதல் நாவலில் பழமொழியாக மட்டும் வந்த இழிவு, இங்கே பாத்திரம் கழுவுவதிலும் நள்ளிரவில் கதவைத் தாழிடுவதிலும் ஒவ்வொரு நாளும் ஒருத்தி எதிர்கொள்ளும் வாழ்க்கையாகிறது.

'தெஹானு' வந்தபோது பழைய வாசகர்கள் பலர் கொதித்தார்கள். தங்கள் நாயகனை ஆசிரியர் தண்டித்துவிட்டார், கதையைப் பிரச்சாரமாக்கிவிட்டார் என்றார்கள். இந்தக் குற்றச்சாட்டில் ஒரு பகுதி உண்மைதான். அதில் வரும் கொடிய மந்திரவாதி ஆஸ்பனுக்குப் பெண்வெறுப்பைத் தவிர வேறு மனமே கிடையாது. ஜாஸ்பருக்குக் கிடைத்த நுணுக்கம்கூட அவனுக்குக் கிடைக்கவில்லை. முடிவில் டிராகன் வந்து எல்லாவற்றையும் தீர்த்துவைப்பதும் அவசரமாகவே படுகிறது. ஆனால் கதையைக் கெடுத்துவிட்டார் என்பதை ஏற்க முடியாது. தன் ஆற்றலைக் காட்ட வேண்டும் என்ற வெறியே கெட்டின் நிழல் என்று 1968இல் எழுதியவர், ஆற்றல் போன பின் அந்த மனிதனிடம் என்ன மிஞ்சும் என்று 1990இல் கேட்டார். முதல் நாவலின் கேள்வியைத்தான் அவர் கடைசி வரை கொண்டுபோனார். நாயகன் தோற்றதாக வருந்துகிறவர்கள், முதல் நாவலின் முடிவிலும் அவன் வெற்றி பெறவில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். தன் சாவின் பெயரைத் தன் பெயராக ஒப்புக்கொண்டதுதான் அங்கே அவன் செய்தது.

2001இல் வந்த 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்சீ' தொகுப்பில் 'தி ஃபைண்டர்' என்றொரு நெடுங்கதை இருக்கிறது. கெட் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு ரோக் பள்ளி எப்படித் தொடங்கப்பட்டது என்பதைச் சொல்வது. கொடுங்கோலர்கள் காலத்தில் மறைவாக ஒன்றுகூடி அந்தப் பள்ளியை நிறுவியவர்களில் பெண்கள் முன்னணியில் இருந்தார்கள் என்றும், அவர்களை வெளியேற்றியது பின்னால் வந்த ஆண்கள் என்றும் அதில் தெரிகிறது. முதல் நாவலின் ஒரு வரியும் இதற்காக மாற்றப்படவில்லை. கெட் படித்த பள்ளியில் மாணவிகள் இல்லை என்பது அப்படியே இருக்கிறது. ஆனால் அது இயற்கையின் ஏற்பாடு என்ற நிலை போய், யாரோ, எப்போதோ, வேண்டுமென்றே செய்த காரியம் என்று ஆகிவிடுகிறது. இந்தக் கதையைப் படித்த பிறகு முதல் நாவலுக்குத் திரும்பும் வாசகர், கோன்ட் மக்களின் அந்தப் பழமொழிகளைப் படிக்கும்போது அவற்றைக் கட்டிவிட்டது யார் என்று கேட்கத் தொடங்குவார். பள்ளி நூலகத்தில் 1968ஆம் ஆண்டு நாவலை வாங்கி வைப்பவர்கள் அதோடு நின்றுவிடாமல் இந்தத் தொகுப்பையும் 'தெஹானு'வையும் அதே தட்டில் வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். முதல் நாவலைப் பதின்மூன்று வயதில் கொடுக்கலாம். 'தெஹானு'வில் குழந்தைக்கு இழைக்கப்படும் கொடுமை கடுமையானது. அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருப்பது நல்லது. அந்த இடைவெளியில் பிள்ளைகள் முதல் நாவலை மட்டுமே நேசித்துக்கொண்டிருந்தால் அதில் தவறொன்றும் இல்லை.